ஃபைட்டர் மீனும் நம்மூர்த் தண்ணியும்

ஃபைட்டர் மீனைக் கடைகளில் கால் லிட்டர் டப்பாவில் போட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். அதிலேயே உயிரோடு இருக்கிறதே, தொட்டி எதற்கு என்று வாங்குகிறவருக்குத் தோன்றும். வீட்டுக்கு வந்த மீன் சில வாரங்களில் செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ் என்ற இந்த மீனின் பூர்வீகம் தாய்லாந்து. 2019-இல் அந்நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. வயலிலும் செடி அடர்ந்த ஓடையிலும் தேங்கி நிற்கும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. அதைச் சமாளிக்கச் செவுளுக்கு மேலே இதற்கு லேபிரிந்த் என்ற உறுப்பு உண்டு. மடிப்பு மடிப்பான மெல்லிய எலும்பு, அதன்மேல் ரத்த நாளம் நிறைந்த தோல். தொட்டியருகே சிறிது நேரம் உட்கார்ந்து பாருங்கள்: மேலே வந்து ஒரு வாய் காற்றைக் கவ்வும், திரும்பிப் போகையில் செவுள் மூடியோரம் சின்னக் குமிழ் நழுவும். அது பழைய காற்று.

ஆக்சிஜனை மேலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கழிவான அம்மோனியாவோ செவுள் வழியாகத் தண்ணீருக்குள்தான் போகவேண்டும். சின்ன டப்பாவில் அது சீக்கிரம் சேர்ந்துவிடும். மீன் மூச்சுக்குத் திணறாது, ஆனால் செவுள் வெந்துபோகும். துடுப்புகள் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், நிறம் வெளிறும், அடியிலேயே கிடக்கும்.

நம்மூர்த் தண்ணி இதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. தண்ணியின் அமில-கார அளவைத்தான் பி.எச். என்கிறோம். 25 டிகிரியில் அது 7 இருந்தால், மொத்த அம்மோனியாவில் நஞ்சாக இருப்பது அரை சதவீதம் அளவுதான். பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும், பத்து மடங்கு. கொங்குப் பகுதியின் போர் தண்ணி பல இடங்களில் கடினமானது, அதாவது தாது உப்பு மிகுந்தது, பி.எச். கூடியது. ஆக, கோவைக்கு வரும் மென்மையான சிறுவாணித் தண்ணியில் ஒரு மீன் தாங்குகிற அழுக்கை இந்த உப்புத் தண்ணியில் தாங்காது. அதற்காக உப்புத் தண்ணி ஆகவே ஆகாது என்றில்லை. இன்று வளர்ப்பில் இருக்கும் ஃபைட்டர்கள் நிலையான பி.எச்.சில் 8 வரை பழகிக்கொள்ளும். ரொம்பக் கடினமாக இருந்தால் ஆர்.ஓ. தண்ணியைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். ஆர்.ஓ. தண்ணியை மட்டும் ஊற்றாதீர்கள். தாது உப்பு இல்லாததால் பி.எச். நிலையாக நிற்காது. குழாயில் வரும் நல்ல தண்ணியில் குளோரின் இருக்கும். வாயகன்ற பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள்.

ஓரடிக்கு ஓரடித் தொட்டி போதும். பத்து அங்குலம் நிரப்பினால் ஏறக்குறைய 23 லிட்டர் பிடிக்கும். மேலே இரண்டு அங்குலம் காற்றுக்கு விட்டு, மூடி போடுங்கள்; ஃபைட்டர் எகிறிக் குதிக்கும். நீளத் துடுப்புள்ள ஆண் மீன் நீரோட்டத்தில் சோர்ந்துவிடும் என்பதால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் நல்லது. காற்றுக் குழாயில் வால்வு வைத்துக் குமிழைக் குறையுங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியேறும். அதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நோயில்லாத, ஓடுகிற தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி, மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகு மீனை விடுங்கள்.

வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும். சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணியை மதியம் நேராக ஊற்றாதீர்கள். கை வைத்துப் பார்த்தாலே தெரியும் அந்தச் சூடு. மார்கழி, தை இரவுகளில் நிலைமை தலைகீழ். ஃபைட்டருக்கு 25 முதல் 28 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகி வயிறு உப்பும். இந்தத் தொட்டிக்கு தெர்மோஸ்டாட் உள்ள 25 வாட் ஹீட்டர் சரியாக இருக்கும். தண்ணீரை இறைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், சூடான கண்ணாடி காற்றுப் பட்டால் வெடிக்கும்.

மீன் தீவனம் காலையில் மூன்று குருணை, மாலையில் மூன்று. மிஞ்சியது அடியில் அழுகி மறுபடியும் அம்மோனியாவாகும், எடுத்துவிடுங்கள். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடவே கூடாது.

ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் குழாயடியில் அலசாதீர்கள். குளோரின் பட்டு பாக்டீரியா செத்துவிடும், அடுத்த சில நாளில் அம்மோனியா ஏறும். தொட்டியிலிருந்து இறைத்த அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை பிழிந்து, பழுப்பு நிறம் கொஞ்சம் ஒட்டியிருக்கும்போதே திரும்ப மாட்டிவிடுங்கள்.