ராத்திரி டியூட்டியில் இருப்பவருக்குத் தெரியுமா? அவசர காலத்திலும் மருத்துவமனை நிற்காமல் நடக்க

வேலூர் சுற்றுவட்டாரத்தில் ஐம்பது, நூறு படுக்கை உள்ள மருத்துவமனைகளில் அவசர காலத் திட்டம் எங்கே என்று கேட்டால் ஒரு ஃபைலை எடுத்து நீட்டுவார்கள். ஆய்வுக்காகத் தயாரித்து, ஸ்பைரல் போட்டு, அட்மின் அறை பீரோவில் வைத்திருப்பார்கள். மாலையில் அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள்.

வாரத்துக்கு 168 மணி நேரம். அட்மின், பர்ச்சேஸ், பயோமெடிக்கல் (மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும்) ஆட்கள் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் இருந்தால் 48. மீதி 120 மணி நேரம் மருத்துவமனை நர்ஸ்கள், டியூட்டி டாக்டர், டெக்னீஷியன், வாட்ச்மேன் கையில்தான் இருக்கிறது. பயிற்சியும் முடிவெடுக்கும் அதிகாரமும் முதலில் அவர்களுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். பல இடங்களில் பயிற்சி பகல் ஆட்களோடு முடிந்துவிடுகிறது, அதிகாரம் முதலாளியின் செல்போனோடு நின்றுவிடுகிறது.

எது நிற்கக்கூடாது?

"உங்கள் பிரிவில் எது முக்கியம்?" என்று கேட்டால் எல்லாரும் எல்லாமே முக்கியம் என்பார்கள். "இது எத்தனை நிமிடம் நிற்கலாம்?" என்று கேளுங்கள். வென்டிலேட்டரும் ஆபரேஷன் தியேட்டரும் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது. டயாலிசிஸில் இரத்த பம்ப் சில நிமிடம் தாங்கும். இரத்த வங்கி ஃபிரிட்ஜ் 2 முதல் 6 டிகிரியிலும் தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரியிலும் இருந்தாக வேண்டும். கதவைத் திறக்காமல் இருந்தால் கொஞ்ச நேரம் குளிர் நிற்கும், அதனால் கரண்ட் போனதும் கதவில் "திறக்காதீர்" அட்டையை மாட்டுவதே ஒருவரின் வேலையாக இருக்கட்டும். பில்லிங் ஒரு நாள் முழுக்கக் காகிதத்தில் ஓடலாம். அதற்கு அச்சடித்த படிவங்களும் கார்பன் தாளும் கவுண்டரிலேயே இருக்க வேண்டும், குடோனில் அல்ல.

டயாலிசிஸ் பிரிவைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் பலவீனம் முதலில் வெளிப்படும் இடம் அதுதான். கரண்ட் போனதும் பெரும்பாலான இயந்திரங்களில் உள்பேட்டரி 15, 20 நிமிடம் இரத்த பம்பை ஓட்டும். பேட்டரி பழசாக இருந்தால் அதற்குள்ளேயே நின்றுவிடும். அப்போது நோயாளியின் உடலுக்கு வெளியே, குழாயிலும் டயலைசர் என்ற வடிகட்டியிலும் சுமார் 200 மில்லி இரத்தம் இருக்கும். ஓட்டம் நின்றால் அது உறையத் தொடங்கும். கையால் சுற்றித் திருப்பி அனுப்பத்தான் பம்பில் கைப்பிடி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கைப்பிடியை மட்டும் சுற்றினால் இரத்தம் போகாது. கரண்ட் போனதும் வீனஸ் லைனை (இரத்தம் நோயாளிக்குத் திரும்பும் குழாயை) இயந்திரத்தின் கிளாம்ப் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், முதலில் லைனை அதிலிருந்து விடுவிக்க வேண்டும். ஆர்ட்டீரியல் பக்கம் (நோயாளியிடமிருந்து இரத்தம் வரும் குழாயில்) சலைனை இணைத்து, அம்புக்குறி காட்டும் திசையில் நிதானமாகச் சுற்ற வேண்டும். இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. கிளாம்பிலிருந்து லைனை எடுத்துவிட்டால், காற்றுக் குமிழி வந்தாலும் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. அதனால் ஒருவர் சுற்ற, இன்னொருவர் டார்ச் அடித்து வீனஸ் சேம்பரில் (திரும்பும் குழாயில் காற்றைப் பிடிக்கும் சிறு குப்பியில்) இரத்த மட்டத்திலிருந்து கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். இரண்டு பேர் வேலை இது. ராத்திரி ஷிஃப்டில் பத்து இயந்திரத்துக்கு இரண்டு டெக்னீஷியன்தான் என்றால், எந்த நோயாளியை முதலில் இயந்திரத்திலிருந்து இறக்குவது என்ற வரிசை ஷிஃப்ட் தொடங்கும்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நாலு மணி நேர டயாலிசிஸுக்கு 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். ஆர்.ஓ. சுத்திகரிப்பில் பாதி கழிவாகப் போனால் மூலத் தண்ணீர் 240 லிட்டர். பத்து இயந்திரம், மூன்று ஷிஃப்ட் என்றால் ஒரு நாளைக்கு 7,200 லிட்டர், இயந்திரம் கழுவுவது தனி. வெள்ளத்துக்குப் பிறகு பலர் கவனிக்காத ஒன்று: குழாய்த் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் வழக்கத்தைவிட அதிகம் போடுவார்கள். குடிக்க அது நல்லது. ஆனால் கார்பன் ஃபில்டரைத் தாண்டிக் குளோரின் போனால் ஆர்.ஓ. சவ்வு கெடும், டயாலிசிஸ் நோயாளியின் சிவப்பணுக்கள் உடையும். கார்பன் டேங்குக்கு அடுத்த குழாயில் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன் மொத்தக் குளோரினைச் சோதிக்க வேண்டும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினால் டயாலிசிஸைத் தொடங்கக் கூடாது. இதைச் செய்ய டாக்டர் தேவையில்லை. சோதனைக் கிட் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர், "நிறுத்து" என்று சொல்ல அனுமதி பெற்ற ஒருவர், அவ்வளவுதான்.

ஜெனரேட்டர் ஏன் ஓடவில்லை?

பெரும்பாலும் இன்ஜின் பழுதாக இருக்காது. செல்ஃப் எடுக்கப் பேட்டரியில் தெம்பு இருக்காது, அல்லது சர்வீஸுக்கு வந்தவர் பேனலில் சுவிட்சை மேனுவலில் வைத்துவிட்டுப் போயிருப்பார். ஆட்டோ என்று நினைத்து எல்லாரும் இருட்டில் காத்திருப்பார்கள். மாதம் ஒருமுறை அரை மணி நேரமாவது உண்மையான லோடில் ஓட்டுங்கள். லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டி "டெஸ்ட் ஆச்சு" என்று எழுதுவதில் பயனில்லை. 30 சதவீதத்துக்கும் குறைந்த லோடில் அடிக்கடி ஓட்டினால் டீசல் முழுதாக எரியாமல் கரி படியும்.

ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமாராக 3 யூனிட் என்று வையுங்கள். 60 கிலோவாட் லோடுக்கு மணிக்கு 20 லிட்டர், ஒரு நாளைக்கு 480 லிட்டர். 200 லிட்டர் பேரல் ஒன்று பத்து மணி நேரம் தாங்கும். டீசலுக்கு உரிமம் இல்லாமல் மொத்தம் 2,500 லிட்டர் வரை வைக்கலாம், ஒரு கொள்கலனில் 1,000 லிட்டருக்கு மேல் கூடாது. இரண்டு நாள் டீசல் வைக்கச் சட்டம் தடை இல்லை. பங்கிலும் கரண்ட் இல்லாவிட்டால் பம்ப் ஓடாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆக்சிஜனுக்கும் இதே மாதிரி ஒரு அட்டை வேண்டும். பெரிய டி டைப் சிலிண்டரில் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் வாங்கும் ஐந்து நோயாளிகள் இருந்தால் 140 நிமிடத்தில் ஒரு சிலிண்டர் காலி. மேனிஃபோல்டில் (சிலிண்டர்களை வார்டுக் குழாயோடு இணைக்கும் இடத்தில்) சிலிண்டர் மாற்றும் ஸ்பேனர் சங்கிலி போட்டு அங்கேயே தொங்கட்டும். வால்வில் எண்ணெய்க் கை படக் கூடாது என்பதை வார்டு அட்டெண்டர் வரை எல்லாருக்கும் சொல்லுங்கள்.

ஆற்றுக்கு எந்தப் பக்கம்?

எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் இது. வேலூர் நகரம் பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது. காட்பாடி, லத்தேரி, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு எல்லாம் வடகரை. வறண்டு கிடக்கும் ஆறுதானே என்று அலட்சியம் வந்துவிடுகிறது. 1903 நவம்பரில் வாணியம்பாடியை அழித்தது இதே பாலாறு. 2021 நவம்பரில் விரிஞ்சிபுரம் தரைப்பாலம் வெள்ளத்தில் மூழ்கியது. குடியாத்தத்தில் கௌண்டன்யா ஆறு மோர்தானா அணை நிரம்பினால் பெருகும். பொன்னையாற்றுக்கு ஆந்திரத்தில் கலவகுண்டா அணையிலிருந்து தண்ணீர் வரும். நம் ஊரில் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் தரைப்பாலம் மூழ்கலாம். மழை விட்ட பிறகும் ஆபத்து போகாது. 2021 டிசம்பரில் திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலம் பழுதாகி ரயில்கள் ரத்தாயின. அரக்கோணம், வாலாஜா பக்கமிருந்து வரும் ஊழியர்கள் அப்போது எப்படி டியூட்டிக்கு வருவது?

ஊழியர் பட்டியலில் ஒரு கூடுதல் கட்டம் போடுங்கள்: தென்கரையா, வடகரையா, தரைப்பாலத்தை நம்பி வருபவரா. ஐ.சி.யு., டயாலிசிஸ், ஆக்சிஜன் மூன்றுக்கும் மருத்துவமனை இருக்கும் கரையிலேயே குடியிருப்பவர் ஷிஃப்டுக்கு ஒருவராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அக்கரைக்காரர்களை முந்தைய நாளே வரவழைத்துத் தங்க வையுங்கள். தங்க வைப்பதென்றால் பாய், சாப்பாடு, பெண்களுக்குத் தனி அறை, செல்போன் சார்ஜர், வீட்டில் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு விடை, எல்லாம் சேர்ந்ததுதான். கன்சால்பேட்டை போன்ற தாழ்வான இடத்தில் வீடு இருக்கும் சிஸ்டரின் மனசு அங்கேதான் இருக்கும். அவரை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள்.

அதிகாரத்தை எழுதிக் கொடுங்கள்

ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று பெயர்கள், வரிசையாக. முதல் ஆள் பத்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் இரண்டாமவர் முடிவெடுப்பார், பிறகு யாரும் "ஏன் கேட்கவில்லை" என்று கேட்கக் கூடாது. இரவு நர்சிங் சூப்பர்வைசர் கையில் டீசலுக்கும் தண்ணீர் லாரிக்கும் ரொக்கம் இருக்க வேண்டும், யு.பி.ஐ. நெட்வொர்க்கை நம்ப முடியாது. 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987, பக்கத்து மருத்துவமனையின் எண் எல்லாம் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கட்டும்.

ஒத்திகையை ராத்திரி ஷிஃப்டில் வையுங்கள், உயிர்காக்கும் கருவிகளைத் தொடாமல். "ஜெனரேட்டர் ஓடவில்லை, நான் உட்பட யாரும் போனை எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், என்ன செய்வீர்கள் சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் கூடவே நடங்கள். ஜெனரேட்டர் அறைச் சாவி யாரிடம், டார்ச்சில் பேட்டரி இருக்கிறதா, லிஃப்டில் யாராவது மாட்டினால் யார் இறக்குவது என்று இருபது நிமிடத்தில் வண்டி வண்டியாகக் குறை தெரியும். அன்று விட்டுப்போனதற்காக யாரையும் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த ஒத்திகையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளிலேயே மூன்று பெயர்ப் பட்டியலில் அவர் இடத்துக்கு வேறு பெயர் எழுதி, புதியவரை ஒரு முறை ஜெனரேட்டர் அறைக்கும் மேனிஃபோல்டுக்கும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசிக்குள், பட்டியல் முழுவதையும் ஒருமுறை போன் போட்டுச் சரிபாருங்கள். எண் மாற்றியவர்கள் எப்படியும் சிலர் இருப்பார்கள்.