கண்ணில் இறங்கும் ஊசி எவ்வளவு மெலிதாக இருக்கலாம்?

கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், கருவிழியை நோக்கி நேராக வரும் ஒரு கூர்முனைதான் பெரும்பாலோரின் மனக்கண்ணில் தோன்றுகிறது. உண்மையில் ஊசி அந்தப் பக்கமே போவதில்லை. நோயாளியை வேறு திசையில் பார்க்கச் சொல்லிவிட்டு, கருவிழியின் விளிம்பிலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளி வெள்விழியில் இறக்குகிறார்கள். லென்சிலும் படாமல் விழித்திரையிலும் படாமல் உள்ளே நுழையக்கூடிய குறுகலான இடம் அது. செலுத்தப்படும் மருந்து பெரும்பாலும் 0.05 மில்லிலிட்டர், அதாவது ஒரு சொட்டு. நீரிழிவால் விழித்திரை வீங்கியவர்களுக்கும், முதுமையில் விழித்திரையின் மையப்பகுதியில் இரத்தக் கசிவு ஏற்பட்டவர்களுக்கும் தொடக்கத்தில் மாதந்தோறும்கூட இந்த ஊசி தேவைப்படும் என்பதால், முதல் முறை வலியில் துடித்தவர் அடுத்த முறை வராமலே இருந்துவிடக்கூடும். ஊசியின் பருமனைப் பற்றி மருத்துவர்கள் இவ்வளவு கவலைப்படுவதற்கு இதுதான் காரணம்.

வலியை உணரும் நரம்புகள் வெள்விழியின் மேல் படிந்திருக்கும் மெல்லிய சவ்விலும், அதன் அடியிலுள்ள உறுதியான சுவரிலும் இருக்கின்றன. கண்ணை நிரப்பியிருக்கும் கூழ் போன்ற பொருளுக்கோ விழித்திரைக்கோ வலி தெரியாது. ஆகவே, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தச் சுவரை ஊசி எப்படிக் கடக்கிறது என்பதைப் பொறுத்தே குத்தும் வலி அமைகிறது.

ஊசியின் பருமனைக் கேஜ் எண்ணால் குறிப்பிடுவார்கள். கம்பி இழுக்கும் தொழிலிலிருந்து வந்த அளவு என்பதால் இது தலைகீழாக ஓடும்: எண் கூடக் கூட ஊசி மெலியும். 27 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் ஏறத்தாழ 0.41 மில்லிமீட்டர், 30 கேஜ் 0.31, 33 கேஜ் 0.21. முதல் இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு அற்பமாகத் தெரியும்; ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் 27 கேஜ் ஊசி சுமார் 1.75 மடங்கு பெரியது. அத்துடன், கண்சுவர் உடனே துளைபடுவதில்லை. விரலால் அழுத்திய பலூனைப் போல முதலில் உள்நோக்கிக் குழிந்து, பிறகுதான் வழிவிடுகிறது. பருத்த ஊசிக்கு அதிக விசை வேண்டியிருப்பதால் குழிவும் ஆழமாகிறது, நோயாளி அதை ஓர் அழுத்தமாக உணர்கிறார். 26, 27 கேஜ் ஊசிகளைவிட 30 கேஜில் வலி குறைவு என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்று பரவலாகப் பயன்படுவதும் 30 கேஜ்தான்.

அப்படியானால் 33 கேஜுக்குப் போய்விடலாமே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு மாறுகிறது. 30ஐத் தாண்டிய பிறகு வலியில் கிடைக்கும் ஆதாயம் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. ஆனால் மருந்து பாய்வதற்கான தடை மட்டும் தவறாமல் ஏறுகிறது. குழாயில் திரவம் பாய்வதற்கான தடை உள்விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 30 கேஜின் உள்விட்டம் சுமார் 0.16 மில்லிமீட்டர், வழக்கமான 33 கேஜுக்கு 0.11, எனவே அதே நீளமுள்ள ஊசியில் தடை நான்கு மடங்குக்கும் மேல். பிஸ்டனை அழுத்தித் தள்ளும் மருத்துவரின் கை சற்று நடுங்கினாலும் அந்த அசைவு ஊசிமுனைக்குப் போய்ச் சேரும். டிரையம்சினோலோன் போன்ற துகள் கலந்த மருந்தானால் ஊசி அடைத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஜப்பானின் டெருமோ நிறுவனம் 2005இல் இன்சுலினுக்காகக் கொண்டுவந்த ஊசி இந்தச் சிக்கலுக்கு அழகான விடை சொன்னது: அடிப்பகுதியில் அகன்று, முனையில் மட்டும் 0.2 மில்லிமீட்டராகக் குறுகும் வடிவம்.

மெலிவைவிடக் கூர்மைக்கு உரிய கவனம் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம். மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியைக் குத்தி மருந்தை எடுத்த ஊசியின் முனை, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மழுங்கியிருக்கும். அதனால்தான் ஒரு பருத்த ஊசியால் மருந்தை உறிஞ்சி, அதைக் கழற்றிவிட்டு, புதிய 30 கேஜ் ஊசியை மாட்டுகிறார்கள். மழுங்கிய மெல்லிய ஊசியைக் காட்டிலும் கூரான, சற்றே பருத்த ஊசி கண்சுவரை எளிதாகக் கடந்துவிடக்கூடும்.

ஊசிக்கு முன்பே மரத்துப்போகும் சொட்டு மருந்தோ ஜெல்லோ இட்டுவிடுவதால், குத்துவது பலருக்கு ஒரு நொடி அழுத்தமாக மட்டுமே தெரிகிறது. வீட்டுக்குத் திரும்பி மருந்தின் மரப்பு விட்ட பிறகு, கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, எரிகிறது என்று சொல்பவர்களே மிகுதி. அது பெரும்பாலும் ஊசி செய்த வேலை அன்று; கிருமிகளைக் கொல்வதற்காகக் கண்ணில் விட்ட பொவிடோன் அயோடின் கருவிழியின் மேற்பரப்பைக் காயவைத்ததன் விளைவு. கண்ணுக்குள் தொற்று ஏற்பட்டால் பார்வையே போய்விடும் என்பதால் அயோடினைக் கைவிட முடியாது. ஊசி போட்டு முடிந்ததும் கண்ணை நன்றாகக் கழுவிவிட்டால் அந்த எரிச்சல் பெருமளவு குறைகிறது.