இருட்டை அளக்கும் செடிகள்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டுப் பட்டாலையில் நடந்த உள்ளறைச் சாகுபடி வகுப்புக்குப் போயிருந்தேன். வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கீரை வளர்க்க ஆசை, மீதிப் பேருக்குச் சாமந்தி. ஆனால் முதல் பாடம் நடந்ததென்னவோ கஞ்சாச் செடியை வைத்து. பாடம் எடுத்தவர் கனடாவில் உரிமம் பெற்ற கஞ்சாப் பண்ணை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே 2018 அக்டோபரிலிருந்து அது சட்டப்படியான பயிர். இங்கே 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் வளர்ப்பது குற்றம், யாரும் விதை கேட்டு வர வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அப்புறம் எதற்கு அந்தச் செடி? ஒரு பயிர் எப்போது பூக்க வேண்டும் என்பதை விளக்கு எப்படித் தீர்மானிக்கிறது என்று காட்ட அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

தினமும் 18 மணி நேரம் விளக்கு எரிந்தால் கஞ்சா இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகும். பூக்கும் யோசனையே இருக்காது. விளக்கை 12 மணி நேரமாகக் குறைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் மொட்டு கட்டத் தொடங்கும். உரம் அதேதான், தண்ணீர் அதேதான். வெளிச்சம் குறைந்ததால் பூத்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஜூலியன் தூர்னுவா என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1910களின் தொடக்கத்தில் கஞ்சாவையும் அதன் உறவான ஹாப்ஸ் கொடியையும் வைத்து இதை ஆராய்ந்தார். பகல் குறைந்ததைவிட இரவு நீண்டதுதான் காரணம் என்று 1914இல் எழுதினார். முதல் உலகப் போர் அவரைக் கொண்டுபோய்விட்டது; ஆராய்ச்சி அப்படியே நின்றது.

அடுத்து 1920இல் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்கர்கள். வயலில் கோடை முழுக்கப் பூக்காமல் ஆளுயரம் தாண்டி வளர்ந்த ஒரு புகையிலை ரகத்தைத் தினமும் மாலையில் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிப் பூக்க வைத்தார்கள். ஆனால் தூர்னுவா சொன்னதை நிரூபித்தது ஒரு களைச் செடி. கண்மாய்க்குள் நடந்தால் வேட்டியில் முள் முள்ளாக ஒட்டிக்கொள்ளுமே, அந்த மருளூமத்தைதான். 1938இல் ஹாம்னரும் பானரும் அதற்கு நீண்ட இரவைக் கொடுத்து, நடுராத்திரியில் மட்டும் கொஞ்ச நேரம் விளக்குப் போட்டார்கள். செடி பூக்கவில்லை. பகலுக்கு நடுவே கொஞ்ச நேரம் இருட்டாக்கிப் பார்த்தார்கள். செடி அதைச் சட்டையே செய்யவில்லை. ஆக, செடிக்கு வேண்டியது விடாமல் தொடரும் இருட்டு. மருளூமத்தைக்கு அப்படி ஒரே ஓர் இரவு அமைந்தாலே போதும், பூத்துவிடும்.

இந்த இடத்தில் முன்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி கேட்டார்: "ஏந் தம்பி, ராத்திரி வெளக்குப் போட்டா செடிக்குத் தூக்கம் கெட்டுப் போயிருமா?"

"தூங்கலை ஆச்சி, மணி பாத்துக்கிட்டு இருக்கு" என்றார் அவர்.

வேடிக்கையாகச் சொன்னாலும் அது முக்கால்வாசி உண்மை. இலைக்குள் ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் இருக்கிறது. இரண்டு உருவம் எடுக்கும். ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி பட்டால் ஓர் உருவம், 730ஐ ஒட்டிய தொலைசிவப்பு பட்டால் இன்னோர் உருவம். சூரிய ஒளியில் சிவப்பு தாராளமாக இருப்பதால் பகலில் முதல் உருவமே மேலோங்கும். இருட்டில் அது மெல்லக் கரையும். நடுராத்திரியில் சிவப்பு விளக்கைக் காட்டினால் மறுபடி நிரம்பிவிடும், பூ நின்றுபோகும். உடனே தொலைசிவப்பைக் காட்டினால் நடந்தது ரத்து, செடி பூக்கும். எந்த ஒளியைக் கடைசியாகக் காட்டினோமோ அதுதான் செல்லும். எனக்கு இந்தச் சோதனை எப்போது படித்தாலும் ஆச்சரியம்தான். ஒரு செடியோடு இவ்வளவு தெளிவாகக் கேள்வி பதில் நடத்த முடிகிறதே!

நிறமி கரையும் நேரம்தான் கடிகாரம் என்று முன்பு நினைத்தார்கள். அது போதாது என்று பிறகு தெரிந்தது. செடிக்குள் 24 மணி நேரச் சுழற்சி தனியாக ஓடுகிறது. அதன் குறிப்பிட்ட கட்டத்தில் வெளிச்சம் படுகிறதா இல்லையா என்பதை ஃபைட்டோகுரோம் தெரிவிக்கிறது. இதையெல்லாம் கவனிப்பது இலை, பூப்பதோ நுனி. இலையிலிருந்து ஏதோ ஒன்று நுனிக்குப் போக வேண்டும் என்று 1930களில் சொன்ன ரஷ்ய விஞ்ஞானி சைலக்கியான் அதற்கு ஃபுளோரிஜென் என்று பெயரும் வைத்தார். ஆள் யார் என்று பிடிபட 2007 ஆனது. ஒரு சின்னப் புரதம். அதை உறுதி செய்த செடிகளில் ஒன்று நெல்.

நெல் என்றதும் பின்வரிசைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சாமந்தி, கஞ்சா போல நெல்லும் நீண்ட இரவில் பூக்கும் இனம். கனடாவின் டொராண்டோவில் கோடைப் பகல் பதினைந்தரை மணி நேரம், குளிர்காலப் பகல் 9 மணி நேரம். செட்டிநாட்டில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் 70 நிமிடம்தான். அந்தச் சின்ன வித்தியாசத்தையும் பழைய சம்பா ரகங்கள் கவனித்துவிடும். கொஞ்சம் முன்னே பின்னே விதைத்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் இரவு நீளும்போதுதான் கதிர் விடும். அதனால்தான் தையில் அறுவடை. ரொம்பப் பிந்தி விதைத்தால் பயிர் வளர நேரமில்லாமல் குட்டையாகவே கதிர் தள்ளிவிடும். பட்டம் தவறக்கூடாது என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்ததில் இந்தக் கணக்கும் உண்டு. 1966இல் வந்த ஐ.ஆர்.8 இரவின் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாத ரகம். எந்தப் பட்டத்திலும் நட முடிந்தது அதனால்தான்.

சாமந்திக்காரர்களுக்கு இதில் காசு இருக்கிறது. நாற்று நட்டதும் ராத்திரியில் பல்பு எரியவிட்டால் பூ தள்ளிப்போய்ச் செடி உயரமாகும். காம்பு போதிய நீளம் வந்ததும் பல்பை நிறுத்தினால் எல்லாம் சேர்ந்தாற்போல் மொட்டு வைக்கும். எந்த வாரம் சந்தைக்குப் போக வேண்டுமோ அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டியதுதான்.

உள்ளறையில் வளர்ப்பதானால் நம் ஊரில் இருட்டைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. வீட்டு நடுமுற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகள் இயல்பாகவே இருட்டானவை, அதனால் வேலை சுலபம் என்று நினைத்தேன். பாடம் எடுத்தவர் ஓர் அறைக்குள் எங்களைக் கூட்டிப்போய்ப் பர்மாத் தேக்குக் கதவைச் சாத்தினார். ஒரு நிமிடம் கழித்துக் கண் பழகியது. கதவின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு. சாவித்துவாரம் வழியாக எதிர்ச்சுவரில் ஒரு பொட்டு. வளவுக்கு மேலே திறந்த வானம் அல்லவா! கறுப்புத் துணியை மடித்து அடியில் திணித்து, துவாரத்தை டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் அவருக்குத் திருப்தி.

அதைவிட மோசம் மின்வெட்டு. சுழலும் டைமர் கரண்டு போனால் அப்படியே நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். தினம் 2 மணி நேரம் போனால் ஆறே நாளில் 12 மணி நேரம் பின்தங்கி, செடியின் ராத்திரி நம் பகலில் வந்து நிற்கும். அப்போது கதவடிக் கோடு சின்ன விஷயம் இல்லை. அதனால் உள்ளே பேட்டரி இருக்கும் டிஜிட்டல் டைமரை வாங்கச் சொன்னார். ஆச்சி விலையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.