ஜோன்ஸ் பெயர் போட்ட மட்டை

போன மாதம் வெலிங்டன் பக்கத்திலிருந்து ஒருவர் சாக்கில் சுற்றிய நான்கு கோல்ஃப் மட்டைகளோடு குன்னூரில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். பழைய மரச்சாமான், உலோகச் சாமான்களைச் சீரமைப்பது என் தொழில். அவருடைய தாத்தா கோல்ஃப் மைதானத்தில் துரைமார்களின் மட்டைப் பையைத் தூக்கியவர். எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போன மட்டைகள் அவை. ஒன்றின் இரும்புத் தலையில் ராபர்ட் டி. ஜோன்ஸ் என்று கையெழுத்து மாதிரியே பொறித்திருந்தது.

"சார், இது பாபி ஜோன்ஸே ஆடின மட்டையாம். லட்சக்கணக்கில் போகுமாம். சான்றிதழுக்கு மட்டும் 20,000 ரூபாய் முன்பணம் கேட்கிறாங்க" என்றார்.

பணம் கட்டிவிட்டாரா என்றுதான் முதலில் கேட்டேன். இன்னும் கட்டவில்லை என்றார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

யார் இந்த ஜோன்ஸ் என்று தெரிந்தால் பாதிப் பொய் அங்கேயே உடைந்துவிடும். ராபர்ட்டைத்தான் செல்லமாக பாபி என்பார்கள். 1902-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பிறந்தவர், தொழிலால் வக்கீல். பரிசுப் பணத்துக்காக ஆடாத அமெச்சூர் கோல்ஃப் ஆட்டக்காரர். 1923 முதல் 1930 வரை 13 பெரிய பட்டங்களை வென்றார். 1930-இல் மட்டும் பிரிட்டன், அமெரிக்கா இரண்டு நாட்டின் ஓப்பன் (தொழில்முறை ஆட்டக்காரர்களும் ஆடும் போட்டி), அமெச்சூர் பட்டங்கள் நான்கையும் ஒரே ஆண்டில் எடுத்துவிட்டு, 28 வயதில் போட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அமெச்சூராக இருந்தவரை தன் பெயரை மட்டைக்கு விலைபேச அவருக்கு இடமில்லை. விளையாட்டுச் சாமான் செய்யும் ஸ்பால்டிங் நிறுவனம் அவர் கையெழுத்தைப் பொறித்து மட்டை விற்றதெல்லாம் ஓய்வுக்குப் பிறகுதான். ஆக, ஸ்பால்டிங் மட்டையில் அந்தப் பெயர் இருந்தால், அவர் பட்டம் வென்ற மட்டை அது இல்லை என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

வந்தவர் கண்ணெதிரே ஒரு சின்னக் காந்தத்தைத் தண்டில் வைத்தேன். பழுப்பு மஞ்சள் நிறத்தில் மரம் போலவே இருந்த தண்டில் காந்தம் ஒட்டிக்கொண்டது. உள்ளே எஃகு, மேலே மரம் மாதிரி ஓர் உறை. 1930-களில் வந்த ஜோன்ஸ் மட்டைகள் பல இப்படித்தான் இருக்கும். 1930-இல் அவர் ஆடியதோ ஹிக்கரி மரத் தண்டு போட்ட மட்டைகளால். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் 'பட்டர்' வகை மட்டையாக அவர் வைத்திருந்த 'கலாமிட்டி ஜேன்' ரொம்பப் பிரபலம். அதன் தண்டில் மூன்று இடத்தில் கறுப்பு நூல் சுற்றியிருக்கும். விற்பனைக்குச் செய்த நகல்களிலும் அதே மூன்று சுற்று உண்டு. நூலைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

இந்த மனிதர் பெயரில் பொய் விற்பது எனக்குப் பொறுக்காத விஷயம். 1925 அமெரிக்க ஓப்பனில், புல்லுக்குள் பந்து லேசாக அசைந்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. அவரே சொல்லி, தண்டனையாகத் தன் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. ஆட்டம் சமமாகி, கூடுதல் ஆட்டத்தில் பட்டம் போனது. பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்கும் பாராட்டுவீர்களா என்கிற மாதிரிக் கேட்டாராம்.

சரி, மட்டைக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. சேகரிப்பவர்கள் நியாய விலைக்கு வாங்குவார்கள். ஆனால் நான்கில் ஒரு நல்ல ஹிக்கரி மட்டையை இவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷும் அடித்திருந்தார். தண்டில் இருந்த முத்திரை பாதி போய்விட்டது. அதைப் பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. தயவுசெய்து தேய்க்காதீர்கள். காய்ந்த பருத்தித் துணியால் தூசி தட்டினால் போதும். நம் மலையின் ஈரத்துக்கு இரும்பு துருப்பிடிக்கும், தோலில் பூஞ்சணம் ஏறும். அதற்காக விறகடுப்புக்கு மேலே வைத்தால் மரம் வெடிக்கும். சுவரில் சாய்த்தால் தண்டு வளையும். படுக்கவைத்து, காற்றுப் படும்படி வையுங்கள். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், தோலுக்குத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம்.

வெளிநாட்டுக்கு விற்பதாக இருந்தால் இன்னொன்று. 100 ஆண்டு தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும். முன்பணம் கேட்ட ஆள் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

மட்டைகளைத் தூக்கி வந்த பை எங்கே என்று கேட்டேன். பரணில் கிடக்கிறது, எலி கடித்தது, எறியப்போகிறோம் என்றார். எறிய வேண்டாம், கொண்டுவாருங்கள் என்றேன். அடுத்த வாரம் கொண்டுவந்தார். பக்கப் பையில் மடங்கிப்போன ஓர் ஆட்டக் கணக்கு அட்டை. துரையின் எண்களுக்குக் கீழே, பென்சிலால், தமிழில் ஒரு பெயர். தாத்தாவின் பெயர். அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதே பேரனுக்கு அன்றுதான் தெரிந்தது. அது எந்த வருஷம், எந்த எஸ்டேட் துரை என்று அம்மாவிடம் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு 84 வயது. கேட்டாரா என்று நாளைக்குப் போன் பண்ண வேண்டும்.