காயலான் கடைக்குப் போடும் முன் ஆக்சிலின் முகத்தைப் பாருங்கள்

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் கம்பி ஏற்றிக்கொண்டு மாதவரம் பக்கம் போன என் மாமாவின் பிக்கப், மணலி அருகே ஒரு வேகத்தடையைத் தாண்டும்போது 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. என்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, ஆனால் கிளட்சை விட்டால் வண்டி நகரவில்லை. இடது பின்சக்கரம் மட்டும் கொஞ்சம் வெளியே தள்ளிச் சாய்ந்திருந்தது. சக்கரத்தைச் சுற்ற வைக்கும் ஆக்சில் கம்பி கட்.

வண்டி வாங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சர்வீஸ் சென்டரில் பார்த்த உடனே சொல்லிவிட்டார்கள்: "ஓவர்லோடு சார், வாரண்டி வராது." மாமா கேட்ட கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ரெண்டு வருஷமா இதே லோடுதான் அடிக்கிறேன். அப்பல்லாம் உடையாதது இன்னிக்கு எப்படிப்பா உடையும்?"

நியாயமான கேள்வி. வடசென்னையில் பிக்கப் வைத்திருக்கிற பலரும் கியர்பாக்ஸ் போனாலும் ஆக்சில் போனாலும் பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் கிரவுன் பற்சக்கரம் கத்தினாலும் இதையே கேட்கிறார்கள். இதற்கான பதில் உடைந்த துண்டிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல், துண்டைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, அப்புறம் கம்பெனியோடு சண்டை போடுகிறோம்.

முதலில் அந்த ஆக்சில் எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்போம். ஒரு பிக்கப்பின் டீசல் என்ஜின் 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் என்ன முறுக்கு வருமோ, கிட்டத்தட்ட அதுதான். இதை வைத்து ஒன்றரை டன் சரக்கோடு நிற்கும் வண்டியை அசைக்க முடியாது. அதனால் முதல் கியர் அதைச் சுமார் 4 மடங்கு ஆக்குகிறது, பின்னால் இருக்கும் பற்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் இன்னொரு 4 மடங்கு ஆக்குகிறது. மொத்தம் 16 மடங்கு, அதாவது 3200. இரண்டு சக்கரத்துக்கும் பாதிப்பாதி பிரித்தால் ஒவ்வொரு ஆக்சில் ஷாஃப்டுக்கும் 1600. அதே ஸ்பேனரின் நுனியில் 160 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். இதெல்லாம் கிளட்சை மெதுவாக விட்டு எடுத்தால்தான். சேற்றில் வழுக்கிச் சுழலும் சக்கரம் திடீரென்று காய்ந்த தரையைப் பிடித்தாலோ, ஏற்றத்தில் கிளட்சைப் பட்டென்று விட்டாலோ, என்ஜினோடு சுற்றிக்கொண்டிருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் வேகமும் சேர்ந்து அந்த ஒரு நொடியில் இதைவிடப் பெரிய அடியாக இறங்கும்.

சரி, ஒரு பக்கம்தானே உடைந்தது, இன்னொரு சக்கரம் ஏன் வண்டியைத் தள்ளவில்லை? அதற்குக் காரணம் இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும் என்பதற்காக, இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம் கொடுக்கிறது. முறுக்குவிசையை மட்டும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் பிரிக்கும். ஒரு பக்கம் உடைந்து எதிர்ப்பே இல்லாமல் போனால் அங்கே முறுக்கு பூஜ்யம், அதனால் மறுபக்கமும் பூஜ்யம். உடைந்த பக்கம் சும்மா சுற்றும், நல்ல சக்கரம் அசையாமல் நிற்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பெரிய லாரிகளில் ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கை மட்டும்தான் சுமக்கிறது. வண்டியின் எடையை வெளியே இருக்கும் ஹவுசிங் என்ற இரும்புக் கூடு தாங்கிக்கொள்ளும். ஷாஃப்டை உருவிவிட்டாலும் சக்கரம் தன் இடத்திலேயே நிற்கும். பல சிறிய பிக்கப்களில் அப்படி இல்லை. சக்கரம் நேராக ஷாஃப்டின் நுனியிலேயே மாட்டப்பட்டிருக்கும், ஆக அந்த ஒரே கம்பி முறுக்கையும் தாங்க வேண்டும், சரக்கின் எடையையும் தாங்க வேண்டும். எடை அதை வளைக்கப் பார்க்கும். வளையும்போது கீழ்ப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் அமுங்கும். சக்கரம் அரைச்சுற்று சுற்றினால் இழுபட்ட பக்கம் மேலே போய் அமுங்கும், அமுங்கிய பக்கம் கீழே வந்து இழுபடும். ஒவ்வொரு சுற்றுக்கும் இது ஒரு முறை நடக்கிறது. டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 500 சுற்று. ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓடினால் 50,000, வருடத்துக்கு 300 நாள் ஓடினால் ஒன்றரைக் கோடி. மாமாவின் வண்டி உடைந்த அன்று அந்தக் கம்பி ஏறக்குறைய மூன்று கோடி முறை வளைந்து நிமிர்ந்திருக்கிறது.

ஒரு கட்டுக்கம்பியைக் கையால் முன்னும் பின்னும் மடக்கி உடைத்திருப்பீர்கள். ஒரே மடக்கில் உடையாது, பத்துப் பதினைந்து மடக்கில் உடையும். ஆக்சிலிலும் நடப்பது இதுதான், மடக்கு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, எண்ணிக்கை கோடிகளில். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். இதை உலகம் புரிந்துகொண்டது பெரும்பாலும் ஆக்சில்களால்தான். 1842 மே மாதம் பாரிஸ் அருகே வெர்சாயில் இருந்து திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் என்ஜின் ஆக்சில் உடைந்து, விபத்தும் தீயுமாக ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரும்பு ஏன் உடைகிறது என்று அதற்குப் பிறகுதான் தீவிரமாகத் தேட ஆரம்பித்தார்கள். நம் ராயபுரத்தில் இருந்து 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குக் கிளம்பிய அதே காலகட்டத்தில், ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் ஆக்சில்களை லட்சக்கணக்கான தடவை வளைத்து வளைத்து எப்போது உடைகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். அவர் கண்டுபிடித்தது இரண்டு விஷயம். சுமை கொஞ்சம் கூடினாலே ஆயுள் மிக அதிகமாகக் குறையும். அதே சமயம், ஒரு எல்லைக்குக் கீழே சுமை இருந்தால் எஃகு எத்தனை கோடி முறை வளைந்தாலும் உடையாது. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கும் எடைக்குள் ஓட்டச் சொல்வதற்குப் பின்னால் இந்த எல்லைதான் இருக்கிறது.

ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பிளேட் போட்டுக்கொள்ளும் பழக்கம் இங்கே நிறைய பேருக்கு உண்டு. பிளேட் போட்டால் வண்டி பின்னால் அமுங்காது, பார்க்க லோடே இல்லாத மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஆனால் ஆக்சில் அதே பழைய ஆக்சில்தான். அமுங்குவதை வைத்துத்தான் இதுவரை எடையை மட்டுக்கட்டிக்கொண்டிருந்தோம், அந்த எச்சரிக்கையையும் நாமே கழற்றிவிட்டோம்.

இனி அந்தத் துண்டு. மாமா வீட்டு வாசலில் பழைய டயருக்குப் பின்னால் கிடந்ததை எடுத்து, மண்ணெண்ணெயில் பிரஷ் போடாமல் மெதுவாக அலசி, வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். உடைந்த முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வழவழப்பாக இருந்தது, அதில் வில் போல வளைந்த மெல்லிய கோடுகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. மீதி ஒரு பங்கு உடைந்த கருப்பட்டி மாதிரி சொரசொரப்பாக, மினுமினுவென்று இருந்தது. அந்தக் கோடுகளுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயரே கடற்கரைக் கோடுகள்தான். காசிமேட்டு மணலில் அலை ஏறி இறங்கும்போது விட்டுப்போகிற வரிகளைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அச்சு அசல் அதே வடிவம். விரிசல் கொஞ்சம் முன்னேறி, நின்று, மறுபடி முன்னேறிய தடம் அது. கோடுகள் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்திருக்கிறது.

அதாவது அந்த ஆக்சில் வேகத்தடையில் உடையவில்லை. பல வாரம், பல மாதம் முன்பே உடைய ஆரம்பித்து, மூன்றில் ஒரு பங்கு இரும்பை மட்டும் வைத்துக்கொண்டு ஓடி, அன்றைக்கு அந்த மிச்சமும் முடியாமல் விட்டுவிட்டது. மாமாவின் கேள்விக்கு இதுதான் பதில்.

ஒரே அடியில் உடைந்த ஆக்சிலின் முகம் வேறு மாதிரி இருக்கும். ஒரு சாக்பீஸை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கி உடைத்துப் பாருங்கள். சரிவாக, சுருளாக உடையும். கடினமாகப் பதப்படுத்திய இரும்பை ஒரே முறுக்கில் உடைத்தால் அந்த வடிவம் வரும். மென்மையான இரும்பாக இருந்தால் குறுக்கே தட்டையாக வெட்டுப்பட்டு, முகத்தில் சுழி சுழியாகத் தேய்ந்த தடம் இருக்கும். இரண்டிலும் கடற்கரைக் கோடு இருக்காது. இன்னொன்றும் கவனியுங்கள்: சொரசொரப்பான பகுதி சின்னதாக இருந்தால் சுமை குறைவாக இருந்தும் விரிசல் நின்று நிதானமாக வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், பெரிதாக இருந்தால் சுமை அதிகம். விரிசல் மேற்பரப்பில் இல்லாமல் இரும்பின் உள்ளே பிறந்திருந்தால், வார்க்கும்போது உள்ளே சிக்கிய அழுக்கோ பதப்படுத்தியதில் குறையோ இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கேள்வி கம்பெனியைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

மாமாவுடையதில் விரிசல் பேரிங் உட்காரும் இடத்தின் ஓரத்தில், மேற்பரப்பில், இரண்டு துருப்பிடித்த சிறு குழிகளில் ஆரம்பித்திருந்தது. பார்த்ததும் எனக்குக் காசிமேடுதான் நினைவுக்கு வந்தது. விடியற்காலையில் அவர் துறைமுகத்தில் மீன் ஏற்றுவார், பத்து மணிக்கு மேல்தான் இரும்பு. மீன் பெட்டியில் ஐஸ் உருகி உப்புத்தண்ணீராகப் பின்பக்கம் முழுக்க சொட்டிக்கொண்டே வரும். வோலர் சொன்ன அந்தப் பாதுகாப்பான எல்லை இருக்கிறதே, உப்புத்தண்ணீரில் நனையும் எஃகுக்கு அது கிடையாது. துரு போட்ட குழியில் விசை குவியும், குவிந்த இடத்தில் விரிசல் பிறக்கும், விரிசலுக்குள் உப்பு புகுந்து அதை இன்னும் அரிக்கும், சுமை குறைவாக இருந்தாலும் அது வளர்ந்துகொண்டே போகும். மீன் ஏற்றுகிறவர்கள் தினமும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுவது என்ஜின் ஆயில் மாற்றுவது அளவுக்கு முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. கிரவுன் கத்துகிறது என்று வரும் வண்டிகளில் இதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். லோடு ஓடி வரும் ஆக்சில் ஹவுசிங் நன்றாகச் சூடாகியிருக்கும், 80 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஆயிலுக்கு மேலே காற்று இருக்கிறது. அந்தக் காற்று விரிந்து சுருங்க ஹவுசிங்கின் தலையில் பிரீதர் என்று ஒரு சின்ன மூக்கு வைத்திருப்பார்கள். இந்தச் சூட்டோடு வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் வண்டியை இறக்குகிறீர்கள். ஹவுசிங் சடாரென்று குளிர்கிறது. 80 டிகிரியில் இருந்து 30 டிகிரிக்கு வந்தால் உள்ளே இருக்கும் காற்று ஏழில் ஒரு பங்கு சுருங்கும். ஒரு லிட்டர் காற்று இருந்தால் சுமார் 140 மில்லி, ஒரு டீ கிளாஸ் அளவு. அந்த இடத்தை நிரப்ப அது மூச்சை உள்ளே இழுக்கும், ஆனால் வெளியே இருப்பது தண்ணீர். பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் அது வழியாகவும், சேற்றில் அடைத்திருந்தால் ஆயில் சீல் ஓரமாகவும் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போய்விடும்.

அங்கே போன தண்ணீர் சும்மா இருக்காது. கிரவுன் பினியனில் பற்கள் ஒன்றோடு ஒன்று உருள்வதோடு, அழுத்தமாக வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும் என்பதால்தான் கந்தகம், பாஸ்பரஸ் சேர்த்த தனி கியர் ஆயில் ஊற்றுகிறோம். தண்ணீர் கலந்தால் ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறி, படலம் பலவீனமாகி, பற்களும் பேரிங்கும் தேயத் தொடங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு என்ஜினைப் பார்த்த அளவுக்குப் பின்னால் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. தண்ணீரில் இறங்கி ஏறினால் ஹவுசிங்கின் ஆயில் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள், பால் மாதிரி இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

ஒரே டின்னில் இருந்து கியர்பாக்ஸுக்கும் கிரவுனுக்கும் ஆயில் ஊற்றும் வழக்கமும் சரியில்லை. கிரவுனுக்குத் தேவையான ஜி.எல்.5 என்ற ரக ஆயிலில் இருக்கும் அதிகக் கந்தகம் கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களை அரிக்கலாம், அதனால்தான் பல கியர்பாக்ஸ்களுக்கு ஜி.எல்.4 கேட்கிறார்கள். அந்த வளையங்கள்தான் கியர் மாற்றும்போது பற்சக்கரத்தையும் அது பூட்டிக்கொள்ள வேண்டிய ஷாஃப்டையும் உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் வரிசைக்குப் பின்னால் ஊர்ந்தபடி முதல் கியர், இரண்டாம் கியர் என்று நாள் முழுக்க மாற்றினால் வளையம் தேய்ந்து 'கர்ர்' என்று கேட்கும். கியர் தடி மேல் கையை ஊன்றிக்கொண்டே ஓட்டினாலும் உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க் தேயும்.

சத்தத்தை வைத்து ஓரளவு இடத்தைக் கண்டுபிடிக்கலாம். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் முன்பக்க பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். மிதித்தால்தான் கேட்கிறது என்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி என்று மாறினால் கிரவுன் பினியன். முன்னும் பின்னும் எடுக்கும்போது மட்டும் 'டக்' என்றால் கியர்பாக்ஸில் இருந்து பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் இணைப்பு. ஆக்சில் விரிசல் மட்டும் பெரும்பாலும் சத்தமே போடாது, அதுதான் கொடுமை.

கம்பெனியோடு வழக்கு என்று வந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தொழிலுக்கு வாங்கிய வண்டி என்றாலும், சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பொருளில் குறை என்று புகார் வந்தால், சோதித்தால்தான் தெரியும் என்கிற நிலையில் நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஆய்வகத்துக்கு அனுப்ப அந்தத் துண்டு இருக்க வேண்டும். அதனால் உடைந்த இரண்டு துண்டையும் கேட்டு வாங்குங்கள். முகத்தைத் தேய்க்காதீர்கள், எமரி தாள் போடாதீர்கள். பொருந்துகிறதா என்று இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கவே கூடாது, அப்படி வைத்தால் கோடுகள் நசுங்கிவிடும். பளிச்சென்ற வெளிச்சத்தில் சாய்வாக நாலு போட்டோ எடுத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி, தனித்தனியாகப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, உப்புக்காற்று படாத இடத்தில் வையுங்கள். எடை மேடைச் சீட்டுகள் இருந்தால் அவற்றையும் கூடவே.