புது மால் வருகிறதா? கேட் எங்கே என்று முதலில் கேளுங்கள்

போக்குவரத்துத் திட்டமிடல் என் தொழில். பெரிய கட்டடம் ஒன்று வந்தால் சுற்றியுள்ள சாலைகளுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு அறிக்கை தருவது அதில் ஒரு பகுதி. சில சமயம் கட்டுபவருக்காகச் செய்கிறேன், சில சமயம் குடியிருப்போர் நலச் சங்கத்துக்காக. இரண்டு தரப்பிலும் உட்கார்ந்து பார்த்ததில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது: மால் பற்றி மக்களுக்கு நிறையக் கருத்து இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதி கோப்புக்குள் போவதே இல்லை.

சென்னையில் ஸ்பென்சர் பிளாசா காலத்தில் மால் என்பது மவுண்ட் ரோடு வரைக்கும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரும் இடம். அப்புறம் அமைந்தகரை, வடபழனி, வேளச்சேரி, திருமங்கலம் என்று மால்கள் குடியிருப்புப் பகுதிகளின் வாசலுக்கே வந்துவிட்டன. அதனால் சங்கக் கூட்டங்களிலும் சூடு ஏறிவிட்டது.

கூட்டத்தில் ஒரே குரல் இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். சொந்த வீட்டுக்காரர், “மனை விலை ஏறுமே சார்” என்பார். பக்கத்து நாற்காலியில் இருப்பவர், “எங்களுக்கு வாடகைதான் ஏறும்” என்பார். கல்லூரிக்குப் போகும் பெண்கள், இருட்டின பிறகும் பயமில்லாமல் நாலு பேரோடு உட்கார ஓர் இடம் கிடைக்கும் என்று சந்தோஷப்படுவார்கள். வயதானவர்கள் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. தனியே பேசினால், சுத்தமான கழிப்பறையும் ஏ.சி.யில் நடக்க வழுக்காத தரையும் பக்கத்திலேயே இருந்தால் நல்லதுதானே என்பார்கள். மளிகைக் கடைக்காரருக்கு மாலில் வரும் சூப்பர் மார்க்கெட்டைவிட, பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவரும் செயலிகள் மேல்தான் பயம். செருப்புக் கடைக்காரரும் ரெடிமேட் துணிக்கடைக்காரரும்தான் உண்மையில் கலங்கிப் போயிருப்பார்கள்.

இவ்வளவும் பேசி முடித்து, கடைசியில் “மால் வேண்டாம்” என்று ஒரு வரித் தீர்மானம் போட்டு, கையெழுத்து வாங்கி, கவுன்சிலருக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் அனுப்பிவிடுவார்கள். அங்கேதான் விஷயம் கைநழுவுகிறது.

ஏன் என்றால், சட்டம் உங்களிடம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கவே இல்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு கொண்ட கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும். பெரிய மால்கள் அதில் வந்துவிடும். ஆனால் அதே அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் கலெக்டர் தலைமையில் பந்தல் போட்டு நடக்கிறதே, அந்தக் கூட்டம் மாலுக்குக் கிடையாது. என்னைக் கேட்டால் இது பெரிய ஓட்டை. தினமும் அந்தத் தெருவில் போய்வரப் போகிறவர்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

“வேண்டாம்” என்ற சொல்லுக்கு மதிப்பு இருக்கும் கட்டம் ஒன்று உண்டு. மனை எந்த நில உபயோக மண்டலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சென்னைக்கு 2008-இல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் மண்டலம் குறித்திருக்கிறார்கள்; சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இணையதளத்திலேயே பார்க்கலாம். குடியிருப்பு மண்டலத்தில் இருக்கும் மனையை வணிக மண்டலமாக மாற்றக் கேட்டிருந்தால், நாளிதழில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள். எழுத்தில் எதிர்ப்புச் சொல்ல அதுதான் நேரம். மனை ஏற்கெனவே வணிக மண்டலம் என்றால், விதிப்படி கட்டுவது உரிமையாளரின் உரிமை. அப்போது பேச வேண்டியது எப்படிக் கட்டுகிறார்கள் என்பதைத்தான். அதில் முதல் கேள்வி கேட்.

வரைபடத்தில் எல்லோரும் எத்தனை மாடி, எத்தனை தியேட்டர், எத்தனை கார் நிறுத்தலாம் என்று பார்ப்பார்கள். நான் பார்ப்பது, கேட்டிலிருந்து பார்க்கிங் டிக்கெட் கொடுக்கும் பூத் வரை எத்தனை மீட்டர் என்று. ஒரு கார் நின்று, கண்ணாடியை இறக்கி, டிக்கியைத் திறந்து காட்டி, சீட்டு வாங்கிக் கிளம்ப 15 விநாடி என்று வையுங்கள். ஒரு பாதையில் நிமிடத்துக்கு 4 கார், மணிக்கு 240. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மணிக்கு 300 கார் வந்தால், ஒரு மணி நேரத்தில் 60 கார் வரிசையில் மிச்சம் நிற்கும். வரிசையில் ஒரு காருக்கு 6 மீட்டர் என்று கணக்கு. இருபதே கார் நின்றாலும் 120 மீட்டர். பல குறுக்குத் தெருக்களின் முழு நீளமே அவ்வளவுதான். பூத்தை உள்ளே தள்ளி வைத்து, இரண்டு மூன்று பாதை கொடுத்தால் அந்த வரிசை மாலின் மனைக்குள்ளேயே முடிந்துவிடும். கேட்டின் மேலேயே வைத்தால் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும், ஆம்புலன்ஸ் வந்தாலும் நகர முடியாது.

அடித்தளத்தில் எத்தனை கார் நிறுத்த இடம் விட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. இன்னொன்று, இடம் இருக்கிறது என்பதால் எல்லோரும் உள்ளே போய்விடுவதும் இல்லை. கட்டணத்துக்குத் தயங்கி பைக்கைப் பக்கத்துத் தெருவில் விட்டுவிட்டு நடந்து வருகிறவர்களை எந்த மாலைச் சுற்றியும் பார்க்கலாம்.

போக்குவரத்து ஆய்வு எந்த நாளில் எடுத்தது என்றும் கேளுங்கள். அலுவலகக் கட்டடத்துக்குச் செவ்வாய், புதன் சரி. மாலுக்குச் சனி, ஞாயிறு மாலையில் எண்ண வேண்டும். வார நாள் காலை எண்ணிக்கையை வைத்து எழுதிய மால் அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். எண்களில் பொய் இருக்காது, பிரயோஜனமும் இருக்காது.

கார் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், நடந்து வருகிறவர்களை மறந்துவிடுகிறார்கள். வடபழனியில் மால் திறந்தது 2013-இல். மெட்ரோ 2015-இல்தான் வந்தது. திருமங்கலத்தில் நேர்மாறு: 2017-இல் மெட்ரோ நிலையம், 2018-இல் மால். எந்த வரிசையில் வந்தாலும், நிலையத்திலிருந்தும் பஸ் நிறுத்தத்திலிருந்தும் கேட் வரை தடையில்லாத நடைபாதை வேண்டும் என்று சங்கம் கேட்டாக வேண்டும். ரயிலில் வந்து நடக்கிறவர் ஒவ்வொருவரும் உங்கள் தெருவில் குறையும் ஒரு வண்டி.

அடுத்தது, தோண்டும் கட்டம். இரண்டு மூன்று அடித்தளம் இறக்க வேண்டும் என்றால் நிலத்தடி நீரை மாதக் கணக்கில் இறைப்பார்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் போர்வெல்லிலும் தண்ணீர் இறங்கும், பழைய சுவரில் விரிசல் விழலாம். “இந்த விரிசல் முன்னாலேயே இருந்தது” என்று அவர்கள் சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது. அதனால் பள்ளம் தோண்டும் முன்பே, கட்டுபவரின் பொறியாளரையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டையும் தேதியோடு படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிணற்று நீர் மட்டத்தையும் அளந்து எழுதுங்கள். நான் பார்த்த தகராறுகளில் இப்படிப் பதிவு இருந்தவை பேச்சிலேயே முடிந்தன.

ஜெனரேட்டருக்கும் கணக்கு இருக்கிறது. ஜெனரேட்டரின் திறனை கே.வி.ஏ. என்ற அலகில் சொல்வார்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கை, மீட்டரில் எடுத்த கட்டட உயரத்தோடு கூட்டினால் வருவதுதான் புகைபோக்கியின் உயரம். 1,000 கே.வி.ஏ. என்றால் கட்டடத்துக்கு மேல் 6 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். சத்தத்துக்கும் எல்லை உண்டு: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. நள்ளிரவில் சரக்கு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்தைப் பற்றிப் புகார் எழுதும்போது “தூக்கம் கெடுகிறது” என்பதோடு இந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாகத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த இடம் எங்கே, அதற்கு ரோட்டிலிருந்து வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். மாலின் கார் நிறுத்துமிடமாக அது மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நீங்கள்தான்.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது என்பார்கள். சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும். ஒப்புதல் வரைபடத்தை 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்ததை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும், அதில் ஒன்று தமிழ். நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததாக ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை தர வேண்டும், அதுவும் பொது ஆவணமே. அனுமதியே தவறு என்று நினைத்தால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை. தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. பெரும்பாலான சங்கங்கள் என்னிடம் வருவது பள்ளம் தோண்டி, தூண் எழும்பிய பிறகு. அதற்குள் அந்த 90 நாளும் போயிருக்கும்; கேட்டையும் இடம் மாற்ற முடியாது, சரக்கு லாரி வரும் நேரத்தை வேண்டுமானால் மாற்றலாம்.