புல்வெளிக்கு அடியில் நின்ற நண்பன்

மே மாத மலர்க்காட்சி நேரத்தில் ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குள் ஒருவரைத் தவறவிட்டால் தேடிப் பிடிப்பது லேசில்லை. "டேய், எங்கடா நிக்கிற?" என்றால், "பூ இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல" என்று பதில் வரும். என் நண்பன் அப்படித்தான் சொன்னான். சரியென்று, இருவர் போனிலும் இருந்த நண்பர் தேடும் செயலியைத் திறந்தேன். கேமராவைத் தூக்கிப் பிடித்தால் எதிரே தெரியும் காட்சியின் மேலேயே அவன் பெயரும் தூரமும் மிதக்க வேண்டும். மிதக்கத்தான் செய்தது, ஆனால் போனைத் தரையைப் பார்த்துச் சாய்த்த பிறகு. புல்வெளிக்கு அடியில், புதையல் மாதிரி, 120 மீட்டர். அவனோ எனக்கு மேலே இருந்த அடுக்கில் நின்றுகொண்டிருந்தான்.

மிகை மெய்ம்மை என்று நாம் தமிழில் சொல்லும் ஆக்மென்டட் ரியாலிட்டியில், கேமராவுக்கு நண்பனை அடையாளமே தெரியாது. அவனைப் பொறுத்தவரை அது வெறும் பின்னணித் திரை. நான் எங்கே, அவன் எங்கே, என் போன் எந்தத் திசையைப் பார்க்கிறது என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால் மற்றதெல்லாம் பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்கு. அவன் வடக்கிலிருந்து 40 டிகிரியில் இருக்கிறான், போன் 30 டிகிரியைப் பார்க்கிறது என்றால், பெயரை 10 டிகிரி வலப்பக்கம் தள்ளி எழுத வேண்டும். கேமரா 60 டிகிரி அகலம் பார்க்குமானால், அது நடுவிலிருந்து திரையகலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

முதல் இரண்டு விடைகளும் ஜிபிஎஸ் தருபவை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை வந்துசேரும் நேரத்தை வைத்து போன் தன் இடத்தைக் கணிக்கிறது. வானம் திறந்திருந்தால் 5 மீட்டர் அளவுக்குப் பிழை. மரத்தடியில், மலைச்சரிவில் இன்னும் கூடும். நண்பனின் இடம் மொபைல் டேட்டா வழியாகத்தான் நமக்கு வரவேண்டும். கூட்ட நெரிசலில் டேட்டா அரை நிமிடம் திணறினால், நாம் பார்ப்பது அவன் அரை நிமிடத்துக்கு முன் நின்ற இடம்.

மூன்றாவதுதான் தொல்லை. திசையைச் சொல்வது போனுக்குள் இருக்கும் காந்த உணரி. நம் பக்கம் இதற்கு ஓர் அனுகூலம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனைக்கு அருகே போகிறது. அதனால் லண்டனில் செங்குத்தான சரிவாகத் தரைக்குள் பாயும் காந்தப்புலம், நீலகிரியில் ஏறக்குறைய படுக்கைவாட்டில் கிடக்கிறது. திசைகாட்டிக்கு வேண்டியதும் அந்தப் படுக்கைவாட்டுப் பங்குதான். ஆனால் பக்கத்தில் ஓர் இரும்பு வேலி, போன் உறையில் ஒரு சின்னக் காந்தம், போதும், 10 டிகிரி கோணல். அதனால்தான் செயலி நம்மைக் காற்றில் எட்டுப் போடச் சொல்கிறது. லைசென்ஸ் வாங்கப் போட்ட அதே எட்டுதான்! போனை எல்லாத் திசையிலும் புரட்டினால், கூடவே சுற்றும் உறையின் காந்தம் எது, அசையாமல் நிற்கும் பூமியின் காந்தம் எது என்று பிரித்துக் கழித்துவிட முடியும்.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. நண்பன் 500 மீட்டர் தள்ளி இருந்தால் 5 மீட்டர் ஜிபிஎஸ் பிழை திசையை அரை டிகிரிதான் மாற்றும். 10 மீட்டரில் நின்றால் அதே பிழை 25 டிகிரிக்கு மேல் தள்ளிவிடும். அதாவது கிட்டே போகப் போகப் பெயர் திரையில் தள்ளாட ஆரம்பிக்கும்.

சரி, அவன் மண்ணுக்குள் போனது எப்படி? என்னுடையது ஐபோன், அவனுடையது ஆண்ட்ராய்டு. ஐபோன் செயலிகளுக்குக் கொடுக்கும் வழக்கமான உயரம் கடல்மட்டத்திலிருந்து. ஆண்ட்ராய்டு கொடுப்பது பூமியைத் துருவங்களில் சற்றுத் தட்டையான, வழவழப்பான கோளமாகப் பாவித்து, அதன் பரப்பிலிருந்து அளந்த கணக்கு. உலகின் பல இடங்களில் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். நமக்கோ ஈர்ப்பு குறைவதால் கடல்மட்டம் தாழ்ந்து கிடக்கும் ‘ஈர்ப்புப் பள்ளம்’ உலகிலேயே மிக ஆழமான பகுதி பக்கத்து வீடு, இந்தியப் பெருங்கடலில். இங்கே கடல்மட்டமே அந்தக் கோளத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே கிடக்கிறது. செயலியை எழுதியவர் இரண்டு எண்ணையும் ஒன்றாகப் பாவித்துக் கழித்திருப்பார். ஆண்ட்ராய்டு நண்பன் 90 மீட்டர் பாதாளத்தில்!

அதற்குள் தொட்டபெட்டா பக்கமிருந்து மேகம் இறங்கிவிட்டது. ஜிபிஎஸ்ஸின் அலைநீளம் 19 சென்டிமீட்டர். மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கே இருக்கும் பனித்துளி அதை ஒன்றும் செய்யாது. கேமராவுக்குத்தான் கஷ்டம். காட்சியிலுள்ள மூலைகள், விளிம்புகளைப் பிடித்துக்கொண்டுதான் போன் தன் அசைவை அளக்கிறது. எல்லாம் வெள்ளையானதும் பிடிமானம் போய்ப் பெயர் வழுக்கிக்கொண்டே போனது.

கிட்டத்துத் தேடலுக்கு அல்ட்ரா வைட்பேண்ட் என்ற ரேடியோ வந்திருக்கிறது. 2019-இல் ஐபோன் 11-இல் இந்தச் சிப் வந்தது. 2023-இன் ஐபோன் 15-இல் இதை வைத்து நண்பர்களையே தேடலாம். இரண்டு போன்களுக்கிடையே அலை போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது, ஒரு நானோ நொடிக்கு 30 சென்டிமீட்டர் என்ற கணக்கில். நடுவில் ஆட்கள் நின்றால் இதுவும் தடுமாறும். எங்கள் இருவரிடமும் அது இல்லை.

அதனால் மிதக்கும் பெயரைக் கண்டுகொள்ளாமல் எண்ணை மட்டும் பார்த்து நடந்தேன். 120, 105, 110 என்றதும் பாதையை மாற்றி, மறுபடி 90, 60. 15-க்குக் கீழே வந்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.